முகமும் முறமும்

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கம் நடத்திய புகைப்படப் போட்டிக்கு என்னையும் ஒரு நடுவராக உட்கார வைத்தார்கள். நாற்பது ஆண்டுக் காலமாகக் கழுத்தில் காமிராவைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறவன் என்பதைத் தவிர அதற்கு எனக்கு வேறு தகுதி ஒன்றும் இல்லை. வந்திருந்த படங்கள் மொத்தம் 63. சாமுண்டி மலையிலிருந்து எடுத்த சூரிய அஸ்தமனம் 11. ஞாயிற்றுக்கிழமை மாலை விளக்குப் போட்ட அரண்மனை 14. சுருக்கம் விழுந்த கிழவர், கிழவி முகங்கள் 17. மீதியெல்லாம் பேரக் குழந்தைகள், ரோஜாப் பூக்கள், ஒரு பூனை. ஒரே ஒரு படம் மட்டும் காபி பில்டர்.

அதை எடுத்தவள் 12 வயதுப் பெண். சமையலறை ஜன்னல் திட்டின் மேல் ஒரு பித்தளைப் பில்டர் நிற்கிறது. படத்தின் வலப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைத்தான் அது எடுத்துக்கொண்டிருக்கிறது. மீதி இடம் முழுவதும் காலை வெயில் விழுந்த சுவர். சுவரில் கன்னடத்தில் அச்சிட்ட தினசரிக் காலண்டர். இரண்டு நாளாகத் தாள் கிழிக்கவில்லை. மைசூரில் பிழைக்க வந்து தங்கிவிட்ட ஒரு தமிழ்க் குடும்பத்தின் காலைப்பொழுது அந்தப் படத்தில் அப்படியே இருந்தது. முதல் பரிசுக்கு அதைச் சொன்னேன். உடனிருந்த நடுவர்கள் இருவரும் நல்லவர்கள்தாம். சிரித்துவிட்டார்கள். "காபி பில்டர் எல்லாம் ஒரு படமா சார்?" என்றார் ஒருவர்.

பரிசு ஒரு பாட்டியின் முகத்துக்குப் போயிற்று. கறுப்பு வெள்ளைப் படம், ஒவ்வொரு சுருக்கமும் துல்லியம். மேடையில் பரிசு கொடுக்கும்போது, "யாரப்பா இந்தப் பாட்டி?" என்று கேட்டேன். பையன், "தெரியாது சார், தேவராஜ மார்க்கெட் பக்கம் உட்கார்ந்திருந்தாங்க" என்றான். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் உள்ளே ஏதோ தைத்தது. ஏனென்றால் அதே மேடைப் பரிசையும் அதே பதிலையும் கொண்டு நானும் ஒருகாலத்தில் மார்தட்டிக்கொண்டவன். அது கோபிநத்தத்தில் நடந்தது.

கோபிநத்தம் என்றதும் வாசகர்கள் மனத்தில் ஒரு மீசை வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஊர். மாதேஸ்வரன் மலையைத் தாண்டிப் பாலாறு போய், அங்கிருந்து காட்டுக்குள் பிரியும் சாலையில் போனால் வரும் ஊர் அது. அதற்கு அப்பால் காவிரி, ஒகேனக்கல். பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள். கொள்ளேகால் தாலுகா 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது அது மைசூர் மாநிலத்துக்கு வந்தது. 1997-இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது கோபிநத்தமும் அதனோடு போயிற்று. இன்று அனூர் தாலுகா. நாமெல்லாம் ரயிலேறி எல்லையைத் தாண்டி வந்தவர்கள். கோபிநத்தத்துக்காரர்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்க, எல்லைதான் அவர்களைத் தாண்டிப் போயிற்று. வெளிமாநிலத் தமிழர் என்று நம்மைப் பற்றிப் பேசும்போது அவர்களை நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

1952-இல் வீரப்பன் பிறந்த ஊர் அது. 2004 அக்டோபர் 18-ஆம் தேதி தர்மபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டி அருகே அவன் சுட்டுக்கொல்லப்படும் வரையிலும், அதற்குப் பிறகும்கூட, அந்த ஊருக்குப் போன காமிராக்களுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. அவன் வீடு இருந்த இடம், அவனுக்குத் தெரிந்தவர்கள், அவன் நடந்த பாதை. 1991 நவம்பர் 10-ஆம் தேதி அந்தக் காட்டில் அவனால் கொல்லப்பட்ட வனத்துறை அதிகாரி பி. சீனிவாஸ், ராஜமுந்திரியில் பிறந்த தெலுங்கர். கோபிநத்தத்து மக்களுக்கு வீடுகளும் மாரியம்மன் கோயிலும் எழும்ப முயற்சி எடுத்தவர். இறந்த பிறகு கீர்த்தி சக்ரா விருது பெற்றவர். அவர் நினைவாகச் சிலர் படம் எடுத்தார்கள். 1993 ஏப்ரல் 9-இல் பாலாற்றில் கண்ணிவெடி வெடித்து 22 பேர் இறந்தபோது சிலர் எடுத்தார்கள். 2000-ஆம் ஆண்டு ஜூலை 30-இல் நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டு 108 நாள் காட்டில் இருந்தாரே, அந்த நாட்களில் பஸ்ஸில் உரக்கத் தமிழ் பேச நாமே தயங்கினோம். மைசூரில் இருந்த நமக்கே அப்படி என்றால் கோபிநத்தத்தில் பிறந்தவன் தன் ஊர்ப் பெயரை வெளியில் எப்படிச் சொல்லியிருப்பான்?

நான் அங்கே முதன்முதல் போனது 2006-இல். காடு திறந்துவிட்டது, பயம் போய்விட்டது, போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நண்பர்களோடு போனேன். கையில் பழைய பென்டாக்ஸ் கே-1000, கறுப்பு வெள்ளைப் பிலிம். ஒரு வீட்டுத் திண்ணையில் பெரியவர் ஒருவர் கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்வெயிலில் முகமெல்லாம் கோடு கோடாக இருந்தது. ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு முறை 'கிளிக்' செய்துவிட்டு நகர்ந்தேன். பெங்களூரில் ஒரு போட்டிக்கு அனுப்பினேன். தலைப்பு வேறு வைத்தேன்: 'வீரப்பன் ஊர்ப் பெரியவர்'. இரண்டாம் பரிசு. "யார் சார் அவர்?" என்று கேட்டார்கள். "தெரியாது, கோபிநத்தத்தில் உட்கார்ந்திருந்தார்" என்றேன்.

அந்தப் படம் பதினேழு ஆண்டுகள் என் வீட்டுக் கூடத்தில் தொங்கியது. 2023-இல் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது கழற்றி வைத்தேன். திரும்ப மாட்ட மனம் வரவில்லை. இன்னொரு பிரதி போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பெரியவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் மனைவி இருந்தார். படத்தை வாங்கி முந்தானையால் ஒருமுறை துடைத்தார். அழுவார் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. "இவர ரெண்டு தடவ போட்டோ எடுத்தாங்க சாமி. மொதல்ல காக்கிச் சட்டைக்காரங்க. அப்பறம் நீங்க. ரெண்டு பேருமே கேட்டுட்டு எடுக்கல" என்றார். குரலில் கோபம் இல்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னார்.

இந்த வாக்கியத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இளைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தத் தேடுதல் வேட்டைக் காலத்தில் இரு மாநில எல்லைக் கிராமங்களில் நடந்த அத்துமீறல்களை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2007-இல் 89 பேருக்கு இழப்பீடு வழங்கச் சொன்னது. அந்த மலைப் பக்கத்தில் ஒருவரைப் படம் எடுப்பது என்றால் அடையாளம் காட்டுவது என்று அர்த்தமான காலம் ஒன்று இருந்தது. காமிராவைக் கண்டு அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நாங்கள் கூச்சம் என்று நினைத்துக்கொண்டோம்.

காபித்தண்ணி கொடுத்தார். என் தோளில் அப்போதும் காமிரா தொங்கியது. பழக்கதோஷம், கை அதன் மேலேயே இருந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எம் மூஞ்சி வேண்டாம் சாமி. வேணும்னா அந்த மொறத்த எடுத்துக்கோங்க."

விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ. நான் எழுந்து போய் முறத்தை எடுக்கத் தொடங்கினேன்.

மூங்கில் முறம். சாணம் மெழுகிக் காய்ந்து பழுப்பேறியது. கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்தது. முதல் படத்தில் முறத்தை நட்டநடுவில் வைத்து நேராக எடுத்தேன். பாஸ்போர்ட் படம் மாதிரி வந்தது. முறம்தான், சந்தேகமில்லை; ஆனால் கடையில் தொங்கும் முறத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. உச்சி வெயில் வேறு. வெளிச்சம் நேர் எதிரே விழுந்தால் மூங்கில் பிளாச்சின் மேடு பள்ளம் தெரியாது, எல்லாம் தட்டையாகிவிடும். அவரோ, "இப்ப என்ன அவசரம், சாயங்காலம் எடுங்க" என்றார். முறத்தை ஆயுள் முழுக்கக் கையில் பிடித்தவருக்கு அதன்மேல் வெயில் எப்போது எப்படி விழும் என்று தெரிந்திருந்தது.

நாலு மணிக்கு மேல் வெயில் பக்கவாட்டில் வந்தது. பின்னலின் ஒவ்வொரு பிளாச்சும் தன் பக்கத்துப் பிளாச்சின் மேல் ஒரு நூல் நிழல் போட்டது. இப்போது காமிராவை நகர்த்தி, முறம் படத்தின் இடப்புறம் மூன்றில் ஒரு பங்கில் வருகிற மாதிரி நின்றேன். இதைத்தான் 'மூன்றில் ஒரு பங்கு விதி' என்கிறார்கள். 1797-இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் கிராமியக் காட்சிகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்தப் பெயரை வைத்தார். இன்று செல்போன் காமிராவின் அமைப்பில் ஒரு பொத்தானைத் தட்டினால் திரையில் குறுக்கே இரண்டும் நெடுக்கே இரண்டுமாகக் கோடுகள் வரும். கோடுகள் வெட்டிக்கொள்கிற இடத்தில் பொருளை வைத்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும் என்பது கணக்கு. எதற்காக இப்படி என்று என் பேத்தி கேட்டாள். நடுவில் வைத்தால் பொருளை மட்டும் பார்ப்பாய், ஓரமாக வைத்தால் அது எங்கே இருக்கிறது என்று பார்ப்பாய் என்றேன். முறத்துக்கு வலப்புறம் விட்ட இடத்தில் கதவின் நிலை வந்தது, நிலையில் மஞ்சள் பூசிய அடையாளம் வந்தது, உள்ளே இருட்டு வந்தது. அது ஒரு வீடு என்று தெரிந்தது.

பிறகு கிட்டே போய்ப் பின்னலை மட்டும் படம் நிறைய எடுத்தேன். மிக அழகாக வந்தது. ஆனால் அது முறம் இல்லை. காஞ்சிபுரத்துக் கட்டம் போட்ட சேலை என்று சொன்னாலும் நம்புவீர்கள். கிட்டே போகப் போகப் பொருள் மறைந்து வடிவம் மட்டும் நிற்கிறது. எட்வர்ட் வெஸ்டன் என்ற அமெரிக்கர் 1930-இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்துப் படம் எடுத்தார். அது உலகப் புகழ் பெற்றது. முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனித முதுகு போல இருக்கும் அது. மகா கலைஞர், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்து யாருக்கும் பசி எடுக்காது. ஆந்த்ரே கெர்டெஸ் 1928-இல் எடுத்த முள்கரண்டிப் படம் எனக்கு அதைவிட நெருக்கம். தட்டின் விளிம்பில் சாய்த்து வைத்த ஒரு கரண்டி, அதன் நிழல், வேறொன்றும் இல்லை. யாரோ சாப்பிட்டு எழுந்து போயிருக்கிறார்கள் என்று தோன்றும்.

அன்று சாயங்காலம் அந்த வீட்டையும் தெருவையும் சுற்றியே இருட்டும் வரை எடுத்தேன். குழாயடியில் வரிசையாக வைத்த குடங்கள், தரையோடு தரையாகக் குனிந்து எடுத்தால் கண்ணைத் தண்ணீர்க் குழாய்வரை இழுத்துக்கொண்டு போகும் கோடாக நின்றன. மறுநாள் காவிரிக் கரையில் கவிழ்த்து வைத்திருந்த பரிசலை மேட்டில் ஏறி மேலிருந்து எடுத்தேன். ஒரு பெரிய வட்டம், மணலில் அதன் நிழல் இன்னொரு பிறை. வாசல்படிக்கு உள்ளே நின்று வெளியே பார்த்து எடுத்தால் நிலைவாசலே சட்டமாகிவிடும். அதற்குள் உரலும் கோழியும். இவையெல்லாம் புத்தகத்தில் படித்துவிடக் கூடியவை. அதிகம் சொல்லவில்லை.

பின்னணியைப் பற்றி மட்டும் ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது. கிராமத்துக்குப் படம் எடுக்கப் போகிற நம் நண்பர்கள் செய்கிற முதல் காரியம், பிளாஸ்டிக் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு மண்பானையைத் தேடுவது. டிஷ் ஆன்டெனா தெரியாமல் கோணம் பார்ப்பது. மின்கம்பியைக் கம்ப்யூட்டரில் அழிப்பது. கோபிநத்தத்துக் குழாயடியில் நான் பார்த்த குடங்கள் பச்சை, சிவப்பு, மஞ்சள் பிளாஸ்டிக். அவற்றைச் சுமக்கிற பெண்களுக்குப் பித்தளைக் குடத்தின் கனம் இல்லை என்பது பெரிய நிம்மதி. அதை நகர்த்தி வைத்துவிட்டு எடுத்தால், நாம் விட்டுவிட்டு வந்த ஊர் நமக்காக அப்படியே உறைந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம் என்றுதான் பொருள். நாம் மட்டும் மிக்சியும் கிரைண்டரும் வைத்துக்கொள்வோம், அவர்கள் அம்மியில் அரைக்க வேண்டும்!

பொருளைப் படம் எடுத்தே ஒரு குடும்பத்தைச் சொல்லிவிட முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. 1936 கோடையில் வாக்கர் எவன்ஸ் என்ற புகைப்படக்காரர், ஜேம்ஸ் ஏஜி என்ற எழுத்தாளரோடு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்குப் போய்ப் பருத்தி விளைவிக்கும் ஏழை வாரக் குடியானவர்கள் மூன்று குடும்பங்களோடு பழகினார். அனுப்பிய பத்திரிகை அந்தக் கட்டுரையை வெளியிடவே இல்லை. 1941-இல் புத்தகமாக வந்தது. அதில் எவன்ஸ் எடுத்த ஒரு சமையலறைச் சுவர் உண்டு. பலகைச் சுவரில் ஒரு குறுக்குச் சட்டம் அடித்து அதில் கரண்டிகளைச் செருகி வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் படம். இன்னொன்றில் மண் தரையில் கழற்றிப் போட்ட ஒரு ஜோடி வேலைக் காலணிகள். ஒரு பொருளையும் அவர் அலங்கரிக்கவில்லை. நேராக நின்று, நல்ல வெளிச்சத்தில், கோணல் இல்லாமல் எடுத்தார். பெரிய இடத்துச் சொத்தைப் படம் எடுக்கிற அதே மரியாதை அந்தக் கரண்டிகளுக்கும் கிடைத்தது. ஆனால் அதே புத்தகத்தில் அவர் எடுத்த முகங்களின் கதை வேறு. அவை அருங்காட்சியகங்களில் தொங்கின, உலகமெல்லாம் போயின. தங்கள் வறுமையை ஊருக்கெல்லாம் காட்டிவிட்டார்களே என்று அந்தக் குடும்பத்தாரில் சிலர் பல ஆண்டுகள் கழித்தும் மனம் குமுறினார்கள். கரண்டி யார் மேலும் வருத்தப்படவில்லை.

இதனால் முகத்தையே எடுக்கக் கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். மதுரைப் பக்கத்துப் புகைப்படக் கலைஞர் எம். பழனிகுமார் மீன் விற்கும் தம் தாயாரை எடுத்த படங்களைப் பாருங்கள். கிராமிய இந்தியாவின் மக்கள் காப்பகமான 'பாரி'யில் அவை வந்திருக்கின்றன. அந்த முகத்தை அவர் யாரிடமும் போய் "தெரியாது சார்" என்று சொல்ல வேண்டியதில்லை. மைசூர்க்காரர்களான கிருபாகர், சேனானி இருவரும் காட்டுயிர்ப் படக்காரர்கள். 1997 அக்டோபரில் அவர்களைப் பந்திப்பூரிலிருந்து வீரப்பன் கடத்திப் போய் இரண்டு வாரம் வைத்திருந்தான். பின்னால் அவர்கள் எழுதிய புத்தகத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும்: வெறும் மீசையாக நாம் பத்திரிகையில் பார்த்த ஆளையும் அவனைச் சுற்றி இருந்தவர்களையும் பேச்சும் சிரிப்புமுள்ள மனிதர்களாக அவர்கள் பார்த்துவிட்டு வந்தார்கள். உடன் இருந்து பழகினால் முகம் தெரியும். திண்ணையைக் கடந்து போகிற இரண்டு நொடியில் சுருக்கம்தான் தெரியும்.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் ஆல்பங்களுக்குக் குறைவில்லை. கல்யாணத்தில் வரிசையாக நிற்கிறோம், காதுகுத்தில் வரிசையாக நிற்கிறோம், திருப்பதியில் மொட்டையோடு வரிசையாக நிற்கிறோம். என் தாயார் 1971-இல் திருச்சியிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த ஆட்டுக்கல் எங்கள் பழைய வீட்டுப் பின்கட்டில் இருபது வருஷம் இருந்தது. அதைக் கழுவி விடும்போது குழவியை இடது கையால் தூக்கிப் பிடிப்பார். அந்தக் கல்லை வீடு மாறும்போது யாருக்கோ கொடுத்துவிட்டோம். ஒரு படம் இல்லை. கழுத்தில் காமிராவோடு திரிந்தவன் வீட்டில் ஒரு படம் இல்லை! அரண்மனையை மட்டும் அறுநூறு தடவை எடுத்திருக்கிறேன். அரண்மனை எங்கும் போய்விடப் போவதில்லை.

உங்கள் வீட்டிலும் இருக்கும். ஊரிலிருந்து வந்த இட்லிக் கொப்பரை, பாட்டியின் சுருக்குப் பை, தாத்தாவின் பூட்டாத டிரங்குப் பெட்டி, கன்னட அட்டையும் தமிழ் உள்பக்கமுமாக இருக்கும் மளிகைக் கணக்கு நோட்டு. குழந்தைகளிடம் செல்போனைக் கொடுத்து இவற்றை எடுக்கச் சொல்லுங்கள். பளபளவென்று தேய்க்க வேண்டாம். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வையுங்கள், பிளாஷ் போடாதீர்கள். எது படத்துக்குள், எது வெளியே என்று குழந்தை யோசிக்க ஆரம்பித்தால், "இது யாருடையது? எங்கே வாங்கியது? ஏன் இந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது?" என்று தானே கேட்கும். தமிழ் வகுப்புக்கு ஆள் பிடிக்க நாம் என்னென்னவோ செய்கிறோம். நசுங்கிய சொம்பின் கதையைத் தமிழில்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

சங்கத்துச் செயற்குழுவுக்கு எழுத்து மூலமாகவே ஒரு வேண்டுகோள் கொடுத்திருக்கிறேன். அடுத்த பொங்கல் போட்டிக்குத் தலைப்பு, 'வீட்டில் உள்ள ஒரு பொருள்'. படத்தோடு பத்து வரி எழுதித் தர வேண்டும்: பொருள் யாருடையது, எங்கிருந்து வந்தது. மனிதர் முகம் இருந்தால் அவர் பெயரும் சம்மதமும் வேண்டும். தெரியாது சார் என்றால் படத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. செயற்குழு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறது. நம் சங்கத்தில் பார்க்கலாம் என்றால் என்ன என்று மூத்த உறுப்பினர்களுக்குத் தெரியும். அதனால்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

முறத்தின் கதையில் மிச்சம் ஒன்று இருக்கிறது. அன்று எடுத்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு விதிப்படி எடுத்ததுதான் நன்றாக வந்தது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது இடது ஓரம் கொஞ்சம் இடித்தது. ஓரத்தை லேசாக வெட்டினேன். ஆன்றி கார்ட்டியே-பிரெசோன் என்ற பிரெஞ்சுக்காரர், 1950-இல் ரமண மகரிஷி மறைந்த நாளில் திருவண்ணாமலையில் இருந்து படம் எடுத்தாரே அவர்தான், எடுத்த படத்தைப் பிறகு வெட்டுவதை அறவே விரும்பாதவர். படம் அமைவது பொத்தானை அழுத்தும் நொடியில், பிறகு கத்திரிக்கு வேலையில்லை என்பது அவர் கட்சி. பாரிசில் தேங்கிய நீரைத் தாண்டுகிற மனிதனை அவர் 1932-இல் எடுத்த படம் வெட்டப்பட்டதுதான் என்பதும் உண்மை. அவருக்கே ஒரு விலக்கு உண்டு என்றால் நமக்கு என்ன என்று வெட்டிவிட்டேன். சட்டம் போட்டு வைத்திருந்தேனே தவிர, கொண்டுபோய்க் கொடுக்கக் காலம் கூடிவரவில்லை.

இந்தப் போட்டி முடிந்த பிறகு, சென்ற மாசியில் எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மாள் படத்தைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நல்லாத்தான் இருக்குது. இது எங்க மொறமா சாமி?"

"உங்க முறந்தாம்மா."

"இந்தப் பக்கம் பிஞ்சு போயி, அவரு வல பின்னற நூல வெச்சுத் தெச்சுக் குடுத்தாரே. அது எங்க?"

அது வெட்டின ஓரத்தில் இருந்தது. மைசூருக்குத் திரும்பி, வெட்டாத படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக அச்சுப் போட்டிருக்கிறேன். இடப்பக்க விளிம்பில் நீல நைலான் நூலில் ஏழு தையல். ஏழும் ஒரே அளவு. அதற்குக் கீழே தண்ணீர் பிடித்து வைத்த பழைய பெயிண்ட் வாளி, பாதி. அந்த வாளியையும் சேர்த்துத்தான் நான் வெட்டியிருக்கிறேன். விதிப்படி பார்த்தால் முறம் இப்போது கொஞ்சம் நடுப்பக்கமாக நகர்ந்துவிட்டது. சட்டம் போடக் கடையில் கொடுத்திருக்கிறேன்; வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார்கள். அடுத்த வாரம் பஸ் ஏற வேண்டும்.